சாப்பிடவே இல்ல, அப்புறம் சுகர் எப்படி ஏறுச்சு? (எபிசோட் 41)

பேசும்போது வந்த ‘ஆக்சுவலி’களையும் நடுவில் கேட்ட குக்கர் விசிலையும் வெட்டிவிட்டேன். மற்றபடி எபிசோடில் பேசியதுதான் இது.

வழக்கமா இங்கே சாஃப்ட்வேர், சயின்ஸ், கொஞ்சம் சினிமான்னு போகும். இன்னைக்கு எங்க அப்பாகிட்ட இருந்து ஆரம்பிக்கிறேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். திருச்சி. பஸ்ஸில் ஏறும்போதே எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்தது. ரெண்டு நாள் காய்ச்சல், உடம்பு வலி, மூணாவது நாள் சரியாகிவிட்டது. சென்னைக்குத் திரும்பி வேலையில் உட்கார்ந்தாச்சு. நாலு நாள் கழித்து அம்மாவிடமிருந்து போன். “அப்பாவுக்கு மூணு நாளா காய்ச்சல்டா. எதுவுமே சாப்பிட மாட்டேங்கிறார். சுகரைப் பத்திக் கவலை இல்ல, அதான் வயித்துக்குள்ள ஒண்ணுமே போகலையே. மாத்திரையையும் நிறுத்திட்டார்.”

அப்பாவுக்கு 61 வயசு. பதினாலு வருஷமா சுகர். அம்மா சொன்னது எனக்கும் சரியாத்தான் பட்டது. இன்புட் இல்லாமல் அவுட்புட் எங்கிருந்து வரும்? ஆனாலும் மனசு கேட்காமல், “எதுக்கும் ஒரு தடவை செக் பண்ணும்மா” என்றேன். 386. மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்று கையைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்தார்கள். 379.

அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி. இன்ஃப்ளூயன்சா ஏ, கூடவே நிமோனியா. நாலு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இப்போது நல்லா இருக்கார், பயப்படாதீங்க. ஆனால் எனக்கு வந்ததும் அவருக்கு வந்ததும் பெரும்பாலும் ஒரே வைரஸ்தான், கொண்டுபோய்க் கொடுத்ததும் நானாத்தான் இருக்கணும். எனக்கு மூணு நாள் ஜலதோஷமாக முடிந்தது அவருக்கு ஏன் அப்படி ஆச்சு? வயசு ஒரு காரணம், சரி. மீதிக் காரணத்தைத் தேடிப் படித்ததுதான் இந்த எபிசோட். நான் டாக்டர் இல்லை. மருந்து விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் டாக்டருடையது.

முதலில் நம்பர்கள்

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வைரஸ் ரொம்பச் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும் என்று பலரும் நினைக்கிறோம். ஆனால் பெரிய வித்தியாசம் தெரிவது தொற்றுவதில் இல்லை, தொற்றிய பிறகு என்ன ஆகிறது என்பதில்தான்.

2009இல் எச்1என்1 பன்றிக் காய்ச்சல் பரவியபோது கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. சேர்ந்த பிறகு ஐசியூவுக்குப் போகும் வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கோவிட் வருவதற்குப் பத்து வருஷம் முன்னாடியே இது தெரிந்திருக்கிறது.

கோவிட் வந்ததும் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட மொத்த நாட்டு டேட்டாவையும் வைத்துப் பார்த்தார்கள். 2020 மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை ஆஸ்பத்திரிகளில் கோவிட்டால் இறந்தவர்களில் மூன்றில் ஒருவருக்குச் சர்க்கரை நோய். அந்த நாட்டு மக்கள்தொகையிலோ சர்க்கரை நோயாளிகள் சுமார் 5% தான். “சுகர் இருக்கிறவங்க வயசானவங்களா இருப்பாங்க, அதனால இருக்கும்” என்று நீங்கள் சொல்லலாம். நியாயமான சந்தேகம். வயது, பாலினம், இனம், வறுமை எல்லாவற்றையும் கழித்துக் கணக்குப் போட்ட பிறகும் டைப் 2 உள்ளவர்களுக்கு இறப்பு வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகவும், டைப் 1 உள்ளவர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்காகவும் இருந்தது. அதே சமயம் 40 வயதுக்குக் கீழே, சுகர் இருந்தாலும், மொத்த ஆபத்து மிகக் குறைவு. மடங்குக் கணக்கை மட்டும் பார்த்து யாரும் பயந்துவிடக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

நம்ம ஊர் பக்கம் வந்தால், ஐசிஎம்ஆர்-இன்டியாப் ஆய்வு 2023இல் வெளியானபோது இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 14.4%. அதாவது ஏழு பேரில் ஒருவர். உங்க அப்பார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஏழு பேர் நின்றால் ஒருவர்.

கிளைமாக்ஸ் போலீஸ்

உள்ளே என்னதான் நடக்கிறது? மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாய் செல்களுக்குள் வைரஸ் நுழைந்ததும் அந்த செல்கள் முதலில் ஒரு அலாரம் அடிக்கும். இன்டர்ஃபெரான் என்ற புரதங்கள்தான் அந்த அலாரம். அதைக் கேட்டு அக்கம்பக்கத்து செல்கள் கதவைச் சாத்திக்கொள்ளும், வெள்ளை அணுக்கள் ஓடிவரும். இது சீக்கிரமாக நடந்தால் எனக்கு நடந்த மாதிரி மூணு நாளில் கதை முடிந்துவிடும்.

ரத்தத்தில் சர்க்கரை அதிகமாகவே இருந்துகொண்டிருந்தால் இந்த முதல் கட்டம் மந்தமாகிறது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சம்பவ இடத்துக்கு வந்துசேரும் வேகம் குறைகிறது, கிருமியை விழுங்கும் திறமையும் குறைகிறது. கிருமிகளைப் பிடிக்கும் ஆன்டிபாடி போன்ற புரதங்களிலும் சர்க்கரை போய் ஒட்டிக்கொள்கிறது. ஹெச்பிஏ1சி டெஸ்ட் தெரியும் இல்லையா? ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று அளப்பதுதான் அது. ஹீமோகுளோபினில் ஒட்டும் சர்க்கரை மற்ற புரதங்களை மட்டும் விட்டுவைக்குமா?

இதோடு முடிந்தால் பரவாயில்லை. டைப் 2 சர்க்கரை நோயில், முக்கியமாகத் தொப்பையோடு வரும் வகையில், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. இன்டர்லூக்கின்-6 போன்ற அழற்சிச் சமிக்ஞைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக எந்நேரமும் ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கிறது. தொற்று எதுவும் இல்லாத சாதாரண நாளிலேயே உடம்பு லேசான டென்ஷனில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க ஒல்லியாகவே இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்வது தெற்காசிய உடம்புகளுக்கு அதிகம் என்பதால் “நான் குண்டா இல்லையே” என்று நாம் தப்பிக்க முடியாது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பழைய தமிழ்ப் படக் கிளைமாக்ஸில் போலீஸ் எப்போது வரும்? எல்லாம் முடிந்த பிறகு. இங்கே இன்னும் மோசம். லேட்டாக வந்த போலீஸ், வந்த கோபத்தில் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லார் மேலும் தடியடி நடத்துகிறது. தொடக்கத்தில் போதாத எதிர்ப்பு, அதனால் பெருகிவிட்ட வைரஸ், அதைப் பார்த்து அளவுக்கு மீறிய எதிர்ப்பு. முதல் வாரத்தில் ‘சாதாரணக் காய்ச்சல்’ மாதிரி இருந்த கோவிட் இரண்டாவது வாரத்தில் மூச்சுத்திணறலாக மாறியதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்த இரண்டாவது பாதிதான் இருந்தது.

சுகர் என்றால் கண், கிட்னி, கால் என்று எல்லா வெயிட்டிங் ஹாலிலும் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள். நுரையீரல் பற்றி நான் ஒரு போஸ்டரும் பார்த்ததில்லை. கண்ணிலும் கிட்னியிலும் கெட்டுப்போவது நுண்ணிய ரத்தக் குழாய்கள். நுரையீரலில் கோடிக்கணக்கான காற்றுப் பைகளைச் சுற்றி இருப்பதும் அதே மாதிரிக் குழாய்கள்தான். அவற்றின் உள்சுவர் ஏற்கெனவே சேதப்பட்டிருந்தால் தொற்று நேரத்தில் நீர் கசிவதும் ரத்தம் உறைவதும் சுலபமாகிறது. கோவிட்டில் இது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.

இன்னொன்று எனக்கே புதுசு. நம் மூச்சுப்பாதையை நனைத்திருக்கும் மெல்லிய திரவத்தில் சர்க்கரை, ரத்தத்தில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான் இருக்குமாம். உடம்பு அதை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறது. சர்க்கரை இல்லையென்றால் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு இல்லை. ரத்தச் சர்க்கரை ஏறினால் அந்தத் திரவத்திலும் ஏறுகிறது. வைரஸ் உடைத்துப்போட்ட வீட்டுக்குள் பாக்டீரியா பந்தி போட்டு உட்கார்ந்துவிடும். ஃப்ளூவுக்குப் பின்னால் வரும் நிமோனியாவில் பல இப்படிப் பாக்டீரியாவால் வருபவை.

386 எங்கிருந்து வந்தது

இப்ப அப்பா கதைக்கு வருவோம். சாப்பிடாத மனுஷனுக்கு 386 எப்படி?

காய்ச்சல் என்பது உடம்புக்கு ஒரு அவசர நிலை. அப்போது கார்டிசால், அட்ரினலின், குளுக்ககான் போன்ற ஹார்மோன்கள் அதிகமாகச் சுரக்கும். அவற்றின் உத்தரவு: “சண்டை நடக்குது, எரிபொருளை வெளியே எடு.” கல்லீரல் தன்னிடம் சேமித்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். அது தீர்ந்தாலும் விடாது, தசைப் புரதத்தைக்கூட உடைத்துப் புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும். அதே நேரம் தசைகள் இன்சுலின் பேச்சைக் கேட்காது. எனக்கும் இதெல்லாம் நடந்திருக்கும். ஆனால் என் கணையம் கூடுதல் இன்சுலினைச் சுரந்து சமாளித்திருக்கும். அப்பாவின் கணையத்தால் அது முடியாது. அப்படிப்பட்ட நேரத்தில் மாத்திரையையும் நிறுத்தியாச்சு. அம்மா பாவம், தெம்பு வரட்டும் என்று ரெண்டு வேளை குளுக்கோஸ் தண்ணி வேறு கொடுத்திருக்கிறார்.

இன்புட் வாயிலிருந்து மட்டும்தான் வரும் என்று நானும் நினைத்தேன். உள்ளேயே ஒரு ஃபேக்டரி ஓடிக்கொண்டிருந்தது.

இதை எஞ்சினியரிங் படித்தவர்கள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். பாசிட்டிவ் ஃபீட்பேக் லூப். தொற்று சர்க்கரையை ஏற்றுகிறது. ஏறிய சர்க்கரை எதிர்ப்பு சக்தியை மந்தமாக்குகிறது. தொற்று இன்னும் வளர்கிறது, சர்க்கரை இன்னும் ஏறுகிறது. அளவு மீறிய சர்க்கரை சிறுநீரில் போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். காய்ச்சல் வியர்வையும் சேர, உடம்பு வறண்டுபோகும். வறண்ட உடம்பில் சர்க்கரையின் செறிவு மறுபடி ஏறும். இந்த லூப்பை வெளியிலிருந்து யாராவது உடைக்கணும். தானாக நிற்காது.

சர்க்கரையைக் குறைத்தால் உயிர் பிழைக்குமா?

சீனாவின் ஹூபே மாகாணத்தில் 7,337 கோவிட் நோயாளிகளை வைத்து 2020இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் 952 பேருக்கு டைப் 2. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் சர்க்கரை 70க்கும் 180க்கும் இடையில் நின்றவர்களில் இறந்தவர்கள் 1.1%. அதைத் தாண்டிப் போனவர்களில் 11%. பத்து மடங்கு! பார்த்ததும் வாட்ஸ்அப்பில் ஃபார்வர்டு பண்ணத் தோன்றும். நிறுத்துங்க. நோய் கடுமையானாலே சர்க்கரை ஏறும் என்று இப்பத்தான் பார்த்தோம். அப்படியென்றால் எது காரணம், எது விளைவு? அந்த ஆய்வாளர்கள் வயது, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தும் பெரிய வித்தியாசம் நின்றது என்பது உண்மை. ஆனாலும் பத்து மடங்கும் சர்க்கரையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன்.

இன்னொரு குழப்பம். பிரான்சில் கொரோனாடோ என்ற ஆய்வு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,317 சர்க்கரை நோயாளிகளைப் பார்த்தது. மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சிக்கும், ஏழு நாளுக்குள் வென்டிலேட்டர் அல்லது மரணம் என்ற முடிவுக்கும் தொடர்பே தெரியவில்லை. உடல் பருமனுக்குத் தெரிந்தது. இங்கிலாந்து டேட்டாவிலோ ஹெச்பிஏ1சி 10%க்கு மேல் இருந்த டைப் 2 நோயாளிகளுக்கு, 6.5 முதல் 7 வரை இருந்தவர்களைவிட இறப்பு ஆபத்து சுமார் 60% அதிகம். ஒன்றுக்கொன்று முரணா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். கேள்வியே வேற. பிரான்ஸ் பார்த்தது ஏற்கெனவே ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியவர்களை. இங்கிலாந்து பார்த்தது நாட்டில் உள்ள எல்லா நோயாளிகளையும். வருஷக்கணக்கான கட்டுப்பாடு உங்களை அந்த வாசலுக்கு வெளியே வைத்திருக்க உதவலாம். உள்ளே போன பிறகு அந்த வாரத்துச் சர்க்கரைதான் பேசும். ரெண்டும் வேணும்.

பேர் எழுதாத கவர்

அப்பா கதையில் ஒரு துண்டைச் சொல்லாமல் விட்டிருந்தேன். காய்ச்சல் வந்த இரண்டாவது நாள் பக்கத்தில் ஒரு கிளினிக்கில் ஊசி போட்டு, பேர் எழுதாத சின்னக் கவரில் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். “சுகர் இருக்கா” என்ற கேள்வியே வரவில்லையாம். ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையைப் பார்த்த டாக்டர், “இதில் ஒண்ணு ஸ்டீராய்டு” என்றார்.

ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 2020 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டின் ரெக்கவரி ஆய்வு, தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெதசோன் கொடுத்தால் வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. கிளைமாக்ஸ் போலீஸின் தடியடியைத் தடுக்கும் மருந்து அது. ஆனால் அதே ஆய்வில், ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டாவது நாளில் எதிர்ப்பு சக்தி இன்னும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. அப்போது அதன் கையைக் கட்டிப்போட்டு, கூடவே சர்க்கரையையும் ஏற்றினால் என்ன ஆகும்? ஸ்டீராய்டு என்பது செயற்கைக் கார்டிசால் மாதிரிதான். அந்த லூப்புக்கு நாமே பெட்ரோல் ஊற்றுவது.

2021இல் இதை நாடு முழுக்கப் பார்த்தோம். இரண்டாம் அலையில் கருப்புப் பூஞ்சை என்கிற மியூகோர்மைகோசிஸ். ஜூலைக்குள் இந்தியாவில் 45,000க்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது, பலருக்குக் கண்ணை எடுக்க வேண்டியதாயிற்று. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, தேவைக்கு மேல் ஸ்டீராய்டு, கோவிட். இந்த மூன்றும் சந்தித்த இடத்தில்தான் அந்தப் பூஞ்சை அதிகம் வளர்ந்தது.

அப்போ மாத்திரையை நிறுத்தலாமா கூடாதா?

எபிசோடைப் பற்றி இன்ஸ்டாகிராமில் சொன்னதும் அதிகம் வந்த கேள்வி இது. ‘ஒருபோதும் நிறுத்தாதே’ என்று ஒரே வரியில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அப்பாவுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் விளக்கியபோது, அப்பா செய்தது பாதி சரி என்று தெரிந்தது.

இன்சுலின் போடுகிறவர்கள் சாப்பிடாவிட்டாலும் தாங்களாக நிறுத்தவே கூடாது. டைப் 1 என்றால் அது உயிருக்கே ஆபத்து. கீட்டோஅசிடோசிஸ் என்று ரத்தமே அமிலமாகிவிடும். அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை டாக்டர் சொல்வார். ஆனால் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரைகள், சாப்பாடே இல்லாதபோது சர்க்கரையைத் திடீரென்று கீழே இறக்கிவிடலாம். வாந்தி, பேதி, உடம்பில் தண்ணீர் இல்லை என்றால் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். ‘கிளிஃப்ளோசின்’ என்று முடியும் பேருள்ள மாத்திரைகளையும் அப்படித்தான். அவற்றில் சர்க்கரை ரொம்ப ஏறாமலேயே கீட்டோஅசிடோசிஸ் வரும் வாய்ப்பு இருக்கிறது. ஆக ஒரே வீட்டில் அப்பா மாத்திரைக்கு ஒரு பதில், அத்தை மாத்திரைக்கு வேற பதில். காய்ச்சல் வந்த முதல் நாளே டாக்டருக்கு ஒரு போன். காய்ச்சல் வருவதற்கு முன்னாடியே, அடுத்த ரெகுலர் செக்கப்பில் “காய்ச்சல் வந்தா எதை நிறுத்தணும், எதைத் தொடரணும்” என்று எழுதி வாங்கிவிடுவது இன்னும் நல்லது. எங்க வீட்டில் அந்தப் பேப்பர் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது.

அதில் இன்னும் சில வரிகள் உண்டு. காய்ச்சல் இருக்கும்வரை நாலஞ்சு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பார்க்கணும். 300ஐத் தாண்டி இறங்கவே இல்லை, வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, பேச்சில் குழப்பம், விரலில் மாட்டும் மெஷினில் ஆக்சிஜன் 94க்குக் கீழே, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான். ‘மூணு நாள் பார்க்கலாம்’ பழக்கம் சுகர் இருப்பவர்களுக்கு வேண்டாம். ஃப்ளூவுக்கான ஒசெல்டமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். நாங்கள் அதைத் தவறவிட்டோம்.

தடுப்பூசியும் அந்தப் பேப்பரில் இருக்கு. வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி, நிமோகாக்கல் ஊசி பற்றி டாக்டரிடம் தனியாகக் கேட்கணும். வட இந்தியாவின் பல ஊர்களில் ஃப்ளூ தென்மேற்குப் பருவமழையோடு ஏறும். சென்னை, வேலூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, நம்ம மழையோடு. அதனால் செப்டம்பரில் போட்டுவிடலாமா என்று கேளுங்க. தீபாவளிக்கு நீங்க ஊருக்குப் போவதற்கு முன்னாடி.

ஒரு வாய்ஸ் நோட்டோடு முடிக்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு நண்பர்: “எனக்கு 27 ப்ரோ, சுகர் இல்ல. இது எனக்கு எதுக்கு?” எனக்கும் 28 தான் ப்ரோ, எனக்கும் சுகர் இல்லை. அதாவது, இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா டிஸ்சார்ஜ் ஆன அன்றைக்கு அந்த டாக்டர் என்னைப் பார்த்து, “நீ எப்போ கடைசியா செக் பண்ணினே?” என்றார். அதுவரை பண்ணினதே இல்லை. ஹெச்பிஏ1சி 5.9 வந்தது. அதுக்கு ப்ரீடயபெட்டிஸ் என்று பேர். இந்தியாவில் அந்தப் பட்டியலில் சுமார் 13.6 கோடி பேர் இருக்கோம். அதைப் பற்றி அடுத்த எபிசோடில் பேசலாம். அதுக்குள்ள வீட்டில் இருக்கிற சுகர் மெஷினை எடுத்து, ஸ்ட்ரிப் டப்பாவில் எக்ஸ்பைரி தேதி என்ன போட்டிருக்குன்னு பாருங்க. எங்க வீட்டில் இருந்தது முடிந்து எட்டு மாசம் ஆகியிருந்தது.